கரண்ட் போனாலும் எழுத்து போகக் கூடாது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் 4 மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த 4 மணி நேரம் இருக்காது. 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பாட்டரி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு மணி நேரத்திலேயே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடுகிறது. பொங்கல் விழாவுக்குக் கணினியில் தட்டிக்கொண்டிருந்த நாடகத்தில் பாதி பறிபோய்விட்டது. கடைக்காரர் மட்டமான பாட்டரியைத் தள்ளிவிட்டாரா?
– ஓர் ஆசிரியை, யாங்கோன்

பதில்: பாட்டரி நல்லதாகவே இருந்திருக்கும் அம்மா. ஒரு நாளும் அது முழுதாக நிறையவில்லை, அதுதான் கோளாறு. கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட், 100 ஏ.எச். என்றால் ஏட்டில் 1,200 வாட்-மணி. உங்களுடையது போன்ற லெட்-ஆசிட் (ஈய-அமில) பாட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. இன்வெர்ட்டர் தின்பதையும் கழித்தால் கையில் நிற்பது 500 வாட்-மணி அளவுதான். லேப்டாப் 50 வாட், மின்விசிறி 50, ரவுட்டர் 10, எல்.இ.டி. பல்பு 9 என்று வைத்தாலும் 4 மணி நேரம் ஓடிவிடும். இதுவரை சரி.

சிக்கல் திரும்ப நிரப்புவதில் இருக்கிறது. இந்த அளவுப் பாட்டரிக்கு 10 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றுவதுதான் முறை. பாதியிலிருந்து 80 சதவீதம் வர 3 மணி நேரம் ஆகும். கடைசி 20 சதவீதத்தில் பாட்டரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரண்டை வாங்கும். அதற்கு இன்னும் 3, 4 மணி நேரம் வேண்டும். உங்களுக்குக் கிடைப்பதோ மொத்தமே 4 மணி நேரம். அரைகுறையாகவே நிற்கும் பாட்டரியில் ஈயத் தகட்டின் மேல் சல்பேட் படிந்து இறுகிப்போகும். இறுகிய இடம் பிறகு வேலை செய்யாது. சில மாதங்களில் 100 ஏ.எச். 30 ஆகச் சுருங்குவது இப்படித்தான்.

முதலில் பாரத்தைக் குறையுங்கள். எழுதும் நேரத்தில் லேப்டாப் அதன் சொந்தப் பாட்டரியில் ஓடட்டும். ரவுட்டருக்கு மட்டும் 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். தனியாக வாங்கி மாட்டிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது பாட்டரிக்கு 8 முதல் 10 மணி நேரம் தொடர்ந்து சார்ஜ் கிடைக்க வேண்டும். கரண்ட் அத்தனை நேரம் நிற்காத இடத்தில் 150 – 200 வாட் சூரியத் தகடும் சார்ஜ் கண்ட்ரோலரும் அந்த வேலையைச் செய்யும். தண்ணீர் ஊற்றும் பாட்டரியானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். கடையில் விற்கும் குடிதண்ணீரிலும் உப்பு உண்டு, அது தகட்டைக் கெடுக்கும்.

புதிதாக வாங்கும் வசதி இருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பாட்டரி வாங்குங்கள். 100 ஏ.எச். அளவில் பெரும்பாலானவை 30 முதல் 50 ஆம்பியர் வரை தாங்கும், 2, 3 மணி நேரத்தில் நிறைந்துவிடும். ஆனால் சார்ஜரும் அந்த அளவு கொடுக்க வேண்டும். பழைய இன்வெர்ட்டரை அப்படியே இதோடு இணைத்துவிடாதீர்கள். சார்ஜ் வோல்ட் 14.2 – 14.4க்குள் நிற்கிறதா, சல்பேட் நீக்கும் முறையை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். அந்த முறை 15 வோல்ட்டைத் தாண்டும். அப்போது பாட்டரிக்குள் இருக்கும் காவல் பலகை இணைப்பைத் துண்டித்துவிடும், ஆட்கள் பாட்டரி செத்துவிட்டது என்று நினைப்பார்கள்.

நாடகத்துக்கு வருவோம். லிப்ரே ஆபீஸ் மென்பொருளில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போனால் தானாகச் சேமிக்கும் இடைவெளி 10 நிமிடம் என்று இருக்கும். அதை 2 ஆக்குங்கள். பக்கத்திலேயே ஒவ்வொரு முறையும் காப்புப்படி எடு என்ற கட்டம் இருக்கும், அதையும் டிக் செய்யுங்கள். பென் டிரைவில் வைத்தபடியே தட்டாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தக் கோப்பு மட்டுமல்ல, டிரைவின் அட்டவணையே சிதைந்து எல்லாமே காணாமல் போகலாம். காட்சிக்கு ஒரு கோப்பாக வையுங்கள். போனால் ஒரு காட்சி போகும், நாடகம் தப்பும். மேடை ஏறும்வரை கையெழுத்துப் பிரதியும் பத்திரமாக இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்க் கோப்புகளைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தாக வருகிறது. பர்மிய மொழியில் ஸோஜி எழுத்துருவால் வந்த குழப்பம்தானா இதுவும்? அச்சகத்தில் பழைய எழுத்துருவிலேயே கேட்கிறார்கள்.
– சங்கச் செயலாளர், தட்டோன்

பதில்: இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. ஸோஜி, யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி இடம் ஒதுக்கும் பொதுமுறை) பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே இடங்களை எடுத்துக்கொண்டு தன் விருப்பப்படி பயன்படுத்தியது. மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்கான இடங்களையும் விழுங்கிவிட்டது. அதனால்தான் 2019 அக்டோபர் 1 அன்று நாடு முழுவதும் யூனிகோடுக்கு மாற நாள் குறித்தார்கள். உங்கள் மலர் பாமினி எழுத்துருவில் இருக்கிறது என்று நினைக்கிறோம். அது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைப்பது. தமிழ் என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. உங்கள் கோப்பில் அந்த வரிசை தென்பட்டால் சந்தேகமே வேண்டாம்.

என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுக் கோப்பையும் ஒரேயடியாகப் போட்டுவிடாதீர்கள். மலரில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயர், விலாசம், மின்னஞ்சல் எல்லாம்கூடத் தமிழாக மாறி உளறலாகிவிடும். முதலில் அவற்றுக்குச் சிவப்பு நிறம் கொடுத்து ஒதுக்குங்கள், பிறகு பத்தி பத்தியாக மாற்றுங்கள்.

மாற்றியபின் மூன்று இடங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். பழைய தட்டச்சுக்காரர்கள் ர் வேண்டிய இடத்தில் துணைக்காலைத் தட்டி அதன்மேல் புள்ளி வைப்பார்கள். மாற்றி அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் காலின் தலையில் புள்ளி நிற்கும். கண்ணுக்கு ர் மாதிரியே தெரியும், ஆனால் தேடினால் சொல் அகப்படாது. அடுத்தது ஔ. ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அது பிரிந்து கிடக்கும். ஔவையார் பாடல்கள் இருந்தால் கட்டாயம் பாருங்கள். மூன்றாவது கொ, கோ வரிசை. கொம்பும் காலும் தனித்தனித் துண்டாகவோ இடம் மாறியோ நிற்கும்.

அச்சகத்துக்குத் தட்டச்சுக் கோப்பைக் கொடுக்கவே வேண்டாம். அவர்கள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை வைத்திருப்பார்கள். அதன் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது, யூனிகோடு அதற்குத் தெரியாது. எழுத்துருக்களை உள்ளடக்கிய பி.டி.எப். ஆக்கி, நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டுக்கு விட்டுக் கொடுங்கள். இன்டிசைனில் செய்தால் பத்தி மெனுவில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

கேள்வி: வைபரில் வந்த படங்கள் போனில் பளிச்சென்று இருக்கின்றன. அச்சில் மங்குவது ஏன்?
– பாகோ வாசகர்

பதில்: படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கித்தான் அனுப்பும். 1,600 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள படம் அச்சில் 13 செ.மீ. வரைதான் தெளிவாக நிற்கும். ஃபைல் என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: கோயில் விழா நோட்டீஸை ஏ.ஐ.யிடம் கேட்டால் படம் அழகாக வருகிறது, தமிழ் எழுத்து கிறுக்கலாக வருகிறது. ஆனால் கவிதை கேட்டால் நொடியில் எழுதிவிடுகிறது. இனி என்னைப் போன்றவர்கள் எழுதுவதில் பயன் உண்டா?
– கல்லூரி மாணவர், மோல்மேன்

பதில்: நோட்டீஸை முதலில் முடித்துவிடலாம், தம்பி. படம் வரையும் கருவிகளில் பல, எழுத்தையும் கோடும் வளைவுமாகத்தான் வரைகின்றன. புள்ளி எங்கே, சுழி எத்தனை என்பது அங்கே தவறிவிடுகிறது. எழுத்தே இல்லாத படமாக, மேல் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக விட்டுக் கேளுங்கள். தமிழை இங்க்ஸ்கேப்பிலோ லிப்ரே ஆபீஸ் டிராவிலோ நீங்களே வையுங்கள். ஏ3 நோட்டீஸுக்கு 3,508 × 4,961 புள்ளி வேண்டும். இந்தக் கருவிகள் 1,024 புள்ளி அகலத்தில் கொடுத்தால் அது 9 செ.மீ.க்குக்கூடப் போதாது. படத்தைச் சிறிதாக நடுவில் வைத்து, சுற்றிலும் ஒரே வண்ணம் கொடுத்துவிட்டால் அச்சில் நன்றாக இருக்கும்.

கவிதைக்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். மோல்மேன் சந்தையில் கடை போட்டிருக்கும் தமிழ்ப் பெண்ணைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். மல்லிகைப்பூவும் மாட்டு வண்டியுமாக மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்று வந்து நிற்க நிறைய வாய்ப்பு உண்டு. கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, லுங்கி கட்டி, விலையைப் பர்மியத்திலும் கோபத்தைத் தமிழிலும் சொல்லும் பெண் அதில் வரமாட்டாள். ஏற்கெனவே எழுதிக் குவித்தவற்றிலிருந்துதான் அந்தக் கருவி எழுதுகிறது. உங்கள் ஊர்த் தான்ல்வின் ஆற்றங்கரைத் தமிழரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைக் கூட்டும் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும், தம்பி. அதில் எங்களுக்குப் பெரிய நம்பிக்கை இருக்கிறது. எழுத்துப்பிழை பார்க்கவும், பர்மியக் கட்டுரையின் சாரத்தை முதல் வரைவாகத் தமிழில் எடுக்கவும் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

கேள்வி: 1950களில் ரங்கூனில் அச்சான தமிழ் இதழ்கள் சில வீட்டில் இருக்கின்றன. தொட்டால் நொறுங்குகின்றன. கணினியில் ஏற்ற முடியுமா?
– யாங்கோன் வாசகர்

பதில்: முடியும். மழைக்காலத்தில் மட்டும் கை வைக்காதீர்கள் ஐயா, ஈரத்தில் தாள் உப்பி முதுகு விட்டுவிடும். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் செய்யுங்கள். ஸ்கேனரில் குப்புறப் போட்டு அழுத்தாமல், இதழை மல்லாத்தி வைத்து மேலிருந்து படம் எடுங்கள். விளக்கு இரண்டு பக்கமும் 45 பாகை சாய்வில் இருக்கட்டும். வண்ணத்திலேயே எடுக்க வேண்டும். கறுப்பு-வெள்ளை முறையில் பழுப்புத் தாளின் மெல்லிய புள்ளிகள் மறைந்துபோகும், தாளில் உள்ள கறைகள் புள்ளியாகிவிடும். தமிழில் புள்ளி போனால் சொல்லே மாறிவிடும் அல்லவா?

படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். தமிழ்நாட்டில் 1978-ல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்பதால் 13 எழுத்துகளில் தடுமாறும். ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை போன்ற கொம்போடு இருக்கும். ணா, றா, னாவும் அவற்றின் ஒகர, ஓகார வரிசையும் காலில்லாமல் சுழித்திருக்கும். இந்த 13-ஐயும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெய்ப்பு பாருங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், பக்கம் மூன்றும் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் திருப்புகழைப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். உச்சரிப்பு கெடுகிறது. தமிழ் எழுத்துக்குக் கொண்டுவர வழி உண்டா?
– பஜனைக் குழு அம்மா ஒருவர், யாங்கோன்

பதில்: பாட வேண்டும் என்ற ஆசை பிள்ளைகளிடம் இருக்கிறதே, பாதி வேலை முடிந்தது. உச்சரிப்பு எங்கே கெடுகிறது என்று பாருங்கள். பர்மிய ரகரத்தை இன்றைய வழக்கில் யகரமாகத்தான் படிப்பார்கள், ஆகவே முருகன் முயுகன் ஆகிறான். சொல் முடிவில் வரும் ல், ர், ழ் ஆகியவற்றுக்குப் பர்மியப் பேச்சில் இடமில்லை. வேல் என்பது வே என்று நின்றுவிடும். ண், ன், ம் மூன்றும் ஒரே மூக்கொலியாகும். அக்ஷரமுகா என்ற இலவசக் கருவி தமிழைப் பர்மிய எழுத்துக்கு மாற்றிக் கொடுக்கும், ஆனால் படிக்கும் வாயை மாற்றாது.

தாளில் இரண்டு வரி அமைப்பு வையுங்கள். மேலே தமிழ் 18 பாயிண்ட் எழுத்தளவில், கீழே பர்மியம் 10 பாயிண்டில். தலைப்பில் பர்மியத்தில் ஒரு குறிப்பு: இதில் வரும் ரகரத்தை ரேடியோ என்ற சொல்லில் வருவதுபோல் படிக்கவும். அந்தச் சொல்லில் பர்மியர்களும் ர என்றே சொல்வதால் உடனே பிடிபடும். முடிவில் வரும் ல், ர், ழ்-க்கு அடியில் கோடு போட்டு, நீங்கள் நிறுத்திப் பாடிய ஒலிப்பதிவைக் கூடவே கொடுங்கள். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பதியுங்கள். விசிறியை நிறுத்திவிடுங்கள்.

லிப்ரே ஆபீஸ் தமிழையும் பர்மியத்தையும் ஒரே வகையாக எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்கு எழுத்துரு கொடுத்தால் மற்றது ஏதோ ஒரு எழுத்துருவில் வந்து வரி உயரம் தாறுமாறாகும். தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், பர்மியத்துக்குப் பியிடாங்சு என்று இரண்டு தனி ஸ்டைல் உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் திரும்பத் திரும்ப வரும் அடிகளை மட்டும் பிடியுங்கள். முருகா என்பதில் மூன்றே எழுத்து. பிள்ளைக்கு எந்த அடி மனப்பாடமோ அந்த அடியின் கீழிருந்து பர்மிய வரியை எடுத்துவிடுங்கள், மற்றதை விட்டுவையுங்கள். ஒவ்வொரு பாட்டிலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். புதிய தாளை முதலில் 10 படி மட்டும் எடுத்துப் பாட வையுங்கள், தடுக்கும் இடங்களைத் திருத்தியபின் மீதியை அச்சுக்குக் கொடுக்கலாம்.