வளையலை விற்று உண்டியலில் போடட்டுமா?

கேள்வி: வருஷா வருஷம் கொரடாச்சேரி பக்கத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவள் நான். வேண்டுதல் எல்லாம் மகன் வேலை, அடகில் இருக்கும் சங்கிலி என்றுதான் இருக்கும். போன வாரம் பூசையில் பங்குச்சாமியார், மாதாவைப் போல உலகப் பற்றை விடச் சொன்னார். நான் கேட்பதெல்லாம் தப்பா? கையில் கிடக்கிற இரண்டு வளையலையும் விற்று உண்டியலில் போட்டுவிடட்டுமா?

பதில்: வளையலை விற்காதீர்கள் அம்மா, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பைபிளில் வரும் கானாவூர்க் கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். பந்தி நடக்கும்போது திராட்சை இரசம் தீர்ந்துபோனது உலக விஷயம்தானே? அதற்காகத்தான் மாதா தன் மகன் இயேசுவிடம் போனார். ஆனால் தீர்ந்துவிட்டது என்று சொன்னதோடு சரி, எப்போது, எப்படி, எவ்வளவு என்று ஒன்றும் கேட்காமல், வேலைக்காரர்களிடம் ‘அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நாமோ மகனுக்கு இந்த வேலை, இந்தச் சம்பளம், இந்தத் தேதிக்குள் என்று மாதாவுக்கே கணக்குப் போட்டுக் கொடுக்கிறோம். விடவேண்டியது அந்தப் பிடியைத்தான் என்று நினைக்கிறேன்.

காணிக்கையும் பெரிதாக இருக்கவேண்டியதில்லை. குழந்தை இயேசுவைக் கோவிலில் ஒப்புக்கொடுத்தபோது ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்கள் கொடுக்கிற புறாக்களைத்தான் அந்தக் குடும்பம் கொடுத்தது.

பிடியை விடுவது என்னவென்று நடக்கிறவருக்குப் புரியும். தஞ்சாவூரிலிருந்து முதல் வருஷம் நடந்தபோது என் பையில் மூன்று புடவை, கம்பளி, எவர்சில்வர் தூக்கு, மாற்றுச் செருப்பு எல்லாம் இருந்தன. நீடாமங்கலம் வருவதற்குள் பை வார் தோளை அறுத்துவிட்டது, வழியில் தண்ணீர் கொடுத்த வீட்டிலேயே கம்பளியையும் தூக்கையும் கொடுத்துவிட்டேன், மனசில்லாமல்தான். திருவாரூர் தாண்டியபோது அவை நினைப்பிலேயே இல்லை.

ஜெபமாலை சொல்லும்போது தியானிக்கிற சந்தோஷ தேவ இரகசியங்களில் மூன்றாவது, தொழுவத்தில் இயேசு பிறந்தது. அதைச் சொல்லும்போது பற்றில்லாத மனதை வரமாகக் கேட்பது பழைய வழக்கம். மாலையின் அந்தப் பத்து மணிகளையும் அவசரப்படாமல் சொல்லுங்கள். ஆகஸ்டு 29 வேளாங்கண்ணித் திருவிழாக் கொடியேற்றத்துக்குப் போகும்போது மகன் வேலையை நன்றாகவே கேளுங்கள், அப்புறம் இயேசு பிறக்கப்போகிற சேதி கொண்டுவந்த தேவதூதரான கபிரியேல் சம்மனசிடம் மாதா சொன்னாரே, ‘உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்’, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது சுலபமில்லை, அந்த ஒரு வரி தொண்டையில் நின்று, சொல்லாமலே நான் திரும்பிய வருஷமும் உண்டு.

காணிக்கைக்கு ஒரு மெழுகுவர்த்தி போதும். கையில் காசு மிஞ்சினால் அடகுக்கடை வட்டியைக் கட்டிவிடுங்கள்.