நாடகம் சோறு போடுமா? காவேரிப்பட்டணத்து அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அண்ணா.

'பாப்பா டிகிரி முடிச்சதும் நாடகத்துக்குத்தான் போவேன்னு நிக்குது, அது சோறு போடுமா?' என்று கேட்டிருந்தீர்கள். போடும். ஆனால் நடிப்பை மட்டும் நம்பிப் போனால் போடாது. நாடகத்துக்குள்ளேயே இன்னொரு கைவேலையும் தெரிந்திருக்க வேண்டும். பல மாதங்களில் அந்தக் கைவேலைதான் வீட்டு வாடகையைக் கட்டும்.

மாதச் சம்பளம் இல்லாத பிழைப்பை எப்படி நம்புவது என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் வேலை பார்க்கும் மாங்கூழ் ஆலையே மாம்பழ சீசனில்தானே முழு வேகத்தில் ஓடுகிறது? அந்தச் சில மாதக் காசை வைத்து மிச்ச நாளை ஓட்டும் கணக்கு உங்களுக்குப் பழகியதுதான். நம் பக்கத்துக் கூத்துக்காரர்கள் வாழ்வதும் அதே கணக்கில்தான். திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும்போது, பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம் என்று செட்டுகள், அதாவது கூத்துக் குழுக்கள், ஓய்வில்லாமல் ஆடுகின்றன. திருவிழாக் காலம் முடிந்ததும் சிலர் வயலுக்குப் போகிறார்கள், சிலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பஸ் ஏறுகிறார்கள். இவர்களில் யார் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறார் என்று பாருங்கள். வேஷம் கட்டுவதோடு ஆர்மோனியமும் வாசிக்கத் தெரிந்தவர், கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் செய்து மற்ற செட்டுகளுக்குக் கொடுப்பவர், ஊர்ப் பையன்களுக்குக் கூத்துப் பழக்கும் வாத்தியார், இவர்கள்தான். பாப்பா போக நினைக்கும் நவீன நாடகத்திலும் நிலைமை இதுவே. ஒளியமைப்பு, ஒப்பனை, உடை தைப்பது, மேடை நிர்வாகம், கணக்கு, குழந்தைகளுக்குப் பயிற்சி: இவற்றில் ஒன்றையாவது அடுத்தவர் தேடி வரும் அளவுக்குக் கற்றுக்கொள்ள வேண்டும்.

சென்னையில் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். விஜய் சேதுபதி அங்கே நடிகராக மட்டுமில்லை, கணக்காளராகவும் வேலை பார்த்தவர். பாப்பாவுக்கு இந்தச் செய்தியைக் கட்டாயம் சொல்லுங்கள், சினிமா ஆசை காட்டுவதற்காக அல்ல. சினிமா வரும்வரை நாடகத்தில் காத்திருக்கலாம் என்று வருபவர்கள் பெரும்பாலும் இரண்டையும் விட்டுவிட்டு ஊர் திரும்புவதைப் பார்க்கிறேன். நாடகத்தை நாடகத்துக்காகவே பிடித்துக்கொள்பவளா என்பதை நீங்கள் அருகிலிருந்து கவனித்தால் தெரியும். ஒத்திகைக்கு நேரத்துக்குப் போகிறாளா, தனக்கு வேஷம் இல்லாத நாடகத்துக்கும் வேலை செய்கிறாளா, இந்த இரண்டும் போதும்.

இப்போது இரண்டாம் ஆண்டு பி.ஏ. படிக்கிறாள். அதை நிறுத்தவே கூடாது. 'நாளைக்கு உதவும்' என்று பயந்து சொல்லும் வார்த்தை இல்லை இது. நாடகப் படிப்புக்கே பட்டம் தேவை. டெல்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்கு ஏதாவது ஒரு பட்டமும், குறைந்தது 6 நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் கேட்கிறார்கள். இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். தேர்வானால் மாதம் உதவித்தொகை உண்டு. அதே பள்ளியின் பெங்களூரு மையத்தில் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது, நமக்கு அதுதான் பக்கம். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையில் நாடகத்தில் முதுகலை படிக்கலாம். கர்நாடகத்தில் சாகர் பக்கம் ஹெக்கோடு கிராமத்தில் இருக்கும் நீநாசம் 1980 முதல் நாடகப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. பாடம் கன்னடத்தில். ஓசூர், தளி பக்கத்தில் சொந்தக்காரர்கள் இருப்பதால் பாப்பாவுக்குக் கன்னடம் வரும் என்று எழுதியிருந்தீர்களே, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தமிழும் கன்னடமும் பேசும் நடிகைக்கு இரண்டு மாநில மேடைகள் திறந்திருக்கின்றன. பெங்களூரில் 2004-ல் திறந்த ரங்க சங்கரா என்ற நாடக அரங்கில் ஆண்டு முழுக்க நாடகம் நடக்கிறது. ஒரு சனிக்கிழமை நீங்களும் கூடப் போய்ப் பாருங்கள். மகள் எதை நினைத்து இப்படித் தவிக்கிறாள் என்பது என் கடிதத்தை விட அங்கே நன்றாகப் புரியும்.

முதுகலை முடித்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர், ஆய்வாளர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் நாடகத்தை உள்ளடக்கிய நிகழ்கலைப் பாடம் தனியாகவே உண்டு. அதில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். நம் பகுதிக் கூத்து, மேளம், அடவு பற்றி முறையாக எழுதப்பட வேண்டியது எவ்வளவோ கிடக்கிறது. இந்த ஊரில் பிறந்த பெண் அதை எழுதினால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.

ஆறு நாடகம் என்றேன், அதற்கு இன்றே ஆரம்பிக்க வேண்டும். பள்ளிக் கலைத் திருவிழாவில் நடித்த சான்றிதழ், கல்லூரி நாடகத்தின் அழைப்பிதழ், போட்டோ, பத்திரிகைத் துண்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையான இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை தருகிறது. நாடகமும் நாட்டுப்புறக் கலையும் அதில் அடங்கும். மாவட்டக் கலை மன்றம் 19 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்குக் கலை வளர்மணி விருது கொடுக்கிறது. விண்ணப்பிக்கும்போதெல்லாம் இந்த ஃபைலைத்தான் கேட்பார்கள். நம் கலைஞர்கள் பலர் இருபது வருஷம் ஆடியும் கையில் ஒரு காகிதம் இல்லாமல் நிற்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

வீட்டில் தையல் மிஷின் இருப்பதாகவும் அம்மாவிடம் பாப்பா பழகியதாகவும் சொன்னீர்கள். எனக்கு உடனே அதுதான் கண்ணில் பட்டது. உடையமைப்பு தெரிந்த நடிகையை எந்தக் குழுவும் விடாது. பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் அந்தக் கைதான் வேலை கொண்டுவரும். இன்னொரு பக்கம், ஓசூர் ஆலைகள் சில மார்ச் மாதப் பாதுகாப்பு வாரத்தில் தொழிலாளர்களுக்கு நாடகம் போடச் சொல்கின்றன. அரசுத் துறைகள் விழிப்புணர்வு வீதி நாடகத்துக்குக் குழுக்களை அழைக்கின்றன. தனியார் பள்ளிகள் குழந்தைகளுக்கு நாடக வகுப்பு எடுக்க ஆள் தேடுகின்றன. இவை பெரிய கலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரிய கலைக்கு ஒத்திகை பார்க்கும் மாதங்களில் அடுப்பு எரிய வேண்டும். இந்த வேலைகளுக்குப் பணம் பல நேரம் தாமதமாகத்தான் வரும். அதனால் ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனிக் கணக்கில் சேர்த்த பிறகே முழுநேரமாக இறங்கச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளை, ராத்திரி நேரம், வெளியூர் என்ற உங்கள் பயம் நியாயமானது. அதை அவளிடம் தடையாகச் சொல்லாமல் கேள்விகளாகச் சொல்லுங்கள். குழுவில் வேறு பெண்கள் யார், எங்கே தங்குகிறார்கள், திரும்பி வர வண்டி யார் பொறுப்பு, சம்பளம் எழுத்தில் உண்டா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி புகார்க் குழு இருந்தாக வேண்டும். சிறிய குழு என்றால் மாவட்ட அளவில் உள்ளூர் புகார்க் குழுவிடம் போகலாம். இதையெல்லாம் கேட்டால் முகம் சுளிக்கிற குழுவுக்கு அனுப்ப வேண்டாம். சொந்தக்காரர்கள் கூத்தாடி என்று பேசுவார்களே என்கிறீர்கள். பேசுவார்கள் அண்ணா. அந்தப் பேச்சை வீட்டுக்குள் நீங்கள் திரும்பச் சொல்லாமல் இருந்தாலே அவளுக்குப் பாதி பலம்.

கடைசியாகப் பணம். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கி மூன்று மாதத்தில் நடிகையாக்குகிறேன் என்னும் இடங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், நிலத்தை அடகு வைக்கவே வேண்டாம். நான் மேலே சொன்ன வழிகள் எதற்கும் அவ்வளவு கடன் தேவைப்படாது. செமஸ்டர் லீவில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்த ஃபைலையும் எடுத்து வரச் சொல்லுங்கள். பெங்களூரு மையத்துக்கு எப்போது விண்ணப்பிப்பது, அதற்குள் எந்த நாடகங்களில் சேர்வது என்று அவளிடமே பேசி எழுதிக்கொள்ளலாம்.