சோறு போட்டால் கடன் கேட்பார்களா?

கேள்வி: ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பெண்மணி ஒருவர் எங்களுக்கு மூத்த அக்கா மாதிரி. என் மனைவிக்குப் பிரசவமாகி, ஊரிலிருந்து ஆள் வர முடியாமல் தவித்த நாட்களில் தினமும் டிபன் பாக்ஸோடு வந்து நின்றவர். வருகிற மே மாதம் லூக்பானில் நடக்கும் அவர்கள் ஊர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்கிறார். ஓட்டல் கூடாதாம், வீட்டில்தான் தங்க வேண்டுமாம். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் திருவிழாச் செலவுக்காக அவர் போனில் யாரிடமோ கடன் கேட்டது என் காதில் விழுந்தது. "இன்று சோறு போடுவார்கள், நாளைக்குக் கடன் கேட்பார்கள்" என்கிறார் அலுவலக நண்பர் ஒருவர். என் மனைவி சைவம். இது போதாதென்று, அவருடைய தம்பி குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு என்னை ஞானத்தந்தையாக நிற்கச் சொல்கிறார்கள். போகலாமா, வேண்டாமா? – பெயர் வேண்டாம், ஷார்ஜா.

பதில்: போங்கள் தம்பி. விலை ஏறுவதற்குள் டிக்கெட் போட்டுவிடுங்கள். ஆனால் காதில் விழுந்த அந்தக் கடன் பேச்சை மறந்துவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் கேட்டதில் கனமான விஷயம் அதுதான்.

முதலில் உங்கள் நண்பர் சொன்னதைப் பார்ப்போம். மணிலாவில் சில ஆண்டுகள் குடியிருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மனிதர் பாதி பார்த்துவிட்டு முழுசாகப் பேசுகிறார். பிலிப்பைன்ஸில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காவல் புனிதர் உண்டு. அவர் பெயரில் ஆண்டுக்கொரு திருவிழா. அன்றைக்கு வீட்டு வாசல் திறந்தே கிடக்கும். நண்பருடைய நண்பர், அவருடைய டிரைவர், டிரைவரின் மச்சான் என்று யார் வந்தாலும் "காயின் தாயோ", அதாவது "வாங்க, சாப்பிடலாம்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போவார்கள். நீங்கள் யார், யார் வீட்டுப் பிள்ளை என்று தட்டு நிரம்பிய பிறகுதான் விசாரணை. அதுவும் சில வீடுகளில் கிடையாது. இத்தனை பேரிடமும் நாளைக்குக் கடன் கேட்கவா சமைக்கிறார்கள்?

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. 1521 மார்ச்சில் ஸ்பெயின் கப்பல்களோடு வந்த மாலுமி மெகல்லன் பட்டினியும் நோயுமாக அங்குள்ள ஹொமோன்ஹோன் தீவில் கரையேறியபோது, பக்கத்துத் தீவுக்காரர்கள் மீன், வாழைப்பழம், தேங்காய், ஒரு ஜாடி கள் எல்லாம் கொண்டுவந்து கொடுத்ததாகக் கூடப்போன பிகாஃபெட்டா எழுதி வைத்திருக்கிறார். (வந்தவர் நாட்டாமை பண்ணத் தொடங்கியதும் அடுத்த மாதமே மாக்தான் தீவில் கதையை முடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.) நம் பக்கத்து ஆட்களும் அங்கே போனது விருந்துக்கு இல்லை. 1762இல் பிரிட்டிஷார் சென்னையிலிருந்து படை அனுப்பி மணிலாவைப் பிடித்தபோது மதராஸ் சிப்பாய்களும் போனார்கள். 1764இல் படை திரும்பியது. ஒரு பகுதியினர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கயின்தா என்ற ஊரில் பெண் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். அவர்கள் வம்சாவளியினர் இன்னமும் அங்கே இருக்கிறார்கள். படையெடுத்து வந்தவனுக்கே அப்படி என்றால் உங்கள் வரவேற்பை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி மறுபக்கம். கடன் கேட்கவே மாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவர்களிடம் 'உத்தாங் நா லோப்' என்று ஒன்று உண்டு. ஒருவர் செய்த உதவிக்கு ஆயுசுக்கும் நன்றிப்பட்டிருப்பது. இதைப் பணமாக எண்ணி முடித்துவிட முடியாது. ஆபத்துக்கு வந்து நிற்பதுதான் பதில். டிபன் பாக்ஸ் வந்ததால் நீங்கள்தான் அவருக்குக் கடமைப்பட்டவர் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். சம்பளப் பிடித்தத்திலோ பணிக்கொடையிலோ என்றைக்காவது அவருக்கு ஒரு கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்திருப்பீர்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள், அவர் மறந்திருக்க மாட்டார். அவர் கணக்கில் அந்த டிபன் பாக்ஸே திருப்பிச் செய்ததாக இருக்கலாம். இப்படி மாறி மாறி ஓடும் இந்த வரவு செலவில் வெளியாள் வந்து 'சோற்றுக்குக் கடன்' என்று ஒரே வரியில் எழுதுவது தப்பு. ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கத்தான் செய்கிறது. நன்றிப்பட்டவனால் 'முடியாது' என்று சொல்ல முடிவதில்லை. மச்சானுக்கு வேலை, தங்கைக்கு ஃபீஸ் என்று கேட்கிற இடத்தில் இருப்பவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்வதும் நடக்கிறது. அங்குள்ளவர்களே இதைப் பற்றிப் புலம்புவார்கள்.

ஆகவே புறப்படுவதற்கு முன் கணவன் மனைவி இருவரும் பேசி ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். திரும்பி வராவிட்டாலும் வயிறு எரியாத தொகை. யாராவது கேட்டால் அதற்குள் கொடுங்கள், கொடுத்ததை மறந்துவிடுங்கள். நேரடியாகக் கேட்பது அங்கே வழக்கமில்லை. மூன்றாவது ஆள் மூலமாகவோ, நீங்கள் ஷார்ஜா திரும்பிய பிறகு ஒரு மெசேஜாகவோ வரும். மறுப்பதையும் அதே மாதிரி மெதுவாகச் செய்யலாம். "இந்த மாதம் ஊரில் ஒரு பொறுப்பு இருக்கிறது" என்றால் புரிந்துகொள்வார்கள். முகத்துக்கு நேரே 'இல்லை' என்றால்தான் உடைந்துபோவார்கள்.

வட்டிக்கு மட்டும் வேடிக்கைக்காகக் கூடப் பேசாதீர்கள். அங்கே இந்திய முகம் என்றாலே 'பூம்பாய்' என்பார்கள். அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது 'ஃபைவ்-சிக்ஸ்'. 5 பேசோ வாங்கினால் 6 பேசோவாகத் திருப்ப வேண்டும். பெரும்பாலும் பஞ்சாபிகள் மோட்டார் சைக்கிளில் வந்து தினத்தவணை வசூலிப்பார்கள். 2017இல் அப்போதைய அதிபர் துதெர்தே இவர்களைப் பிடிக்கச் சொல்லி உத்தரவே போட்டார், தொழில் நின்றபாடில்லை. அழுகிற குழந்தையை 'பூம்பாய் வந்து பிடித்துக்கொண்டு போவான்' என்று மிரட்டுகிற வீடுகளும் உண்டு. உங்களைப் பார்த்து ஒரு வாண்டு ஓடி ஒளிந்தால் வருத்தப்படாதீர்கள்.

இப்போது அந்தக் கடனுக்கு வருகிறேன். பிலிப்பைன்ஸ் விருந்தோம்பலில் எனக்குப் பிடிக்காதது இதுதான். விருந்தாளிக்கு அதில் ஒரு குறையும் வராது. கஷ்டம் எல்லாம் உபசரிக்கிறவர் தலையில். கையில் இல்லை என்று தெரியக்கூடாது என்ற கூச்சத்தில், ஹீயா என்பார்கள், ஒரு நாள் விருந்துக்கு ஆறு மாதம் அடைக்கிற கடனை வாங்குவார்கள். முழுப் பன்றியைச் சுட்டு வைக்கும் லெச்சோன் மேஜையில் இல்லாவிட்டால் திருவிழாவா என்று நாலு பேர் கேட்பார்களே! அதிலும் உங்கள் அக்காவைப் போல வெளிநாட்டில் சம்பாதிப்பவர் விடுமுறைக்கு ஊர் போனால் கேட்கவே வேண்டாம். அந்த நாட்டுக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம் ஆண்டுக்கு 3,000 கோடி டாலருக்கு மேல். ஊரில் இருப்பவர்கள் கண்ணுக்கு வந்து இறங்குகிற ஒவ்வொருவரும் அந்தக் கோடியில் ஒரு துண்டு. விமான நிலையத்துக்கு வேன் வாடகை, வந்து பார்ப்பவர்களுக்கெல்லாம் பாசலூபோங் (வெளியூர் போனவர் திரும்பும்போது வாங்கிவரும் பொருள்), வீட்டுக்குத் திருவிழா. இரண்டு வருடம் சேர்த்தது இரண்டு வாரத்தில் கரையும்.

"நாங்கள் வருவதால் சிரமமா?" என்று அவரிடம் கேட்காதீர்கள். சிரமமே இல்லை என்றுதான் பதில் வரும். கடன் வாங்க வேண்டாம் என்று புத்தி சொல்வதும் கூடாது. நீங்கள் போகாவிட்டாலும் அந்தத் திருவிழா நடக்கும், அந்தக் கடனும் நடக்கும். உங்களால் கூடுகிற செலவை நீங்கள் எடுத்துக்கொள்வதுதான் வழி. சாப்பிட்டு எழுந்து கையில் பணம் கொடுத்தால் அவமானமாகிவிடும். அதனால் இப்படிச் செய்யுங்கள். உங்கள் மூன்று டிக்கெட்டின் லக்கேஜில் பத்து, பதினைந்து கிலோவை அவருக்கு விட்டுக்கொடுங்கள். அதைவிடப் பெரிய பரிசை அவர் எதிர்பார்க்கவே மாட்டார். சாக்லேட், பேரீச்சம்பழம், குளியல் சோப், துண்டு என்று பிரித்துக் கொடுக்கிற மாதிரி நீங்களும் கொஞ்சம் கட்டிக்கொண்டு போங்கள். திருவிழாவுக்கு முந்தைய நாள் காலையில் அவர் அம்மா மார்க்கெட் போவார். கூடவே போய்விடுங்கள். அரிசி மூட்டையும் பழமும் எடை போட்டு முடிந்த நிமிடத்தில் கடைக்காரர் கையில் நீங்கள் பணத்தை வைத்துவிட வேண்டும். அம்மா இரண்டு தரம் தடுப்பார், மூன்றாவது தரம் சிரிப்பார்.

வீட்டில் ஏசி இருக்கிற ஒரே அறையை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, மொத்தக் குடும்பமும் கூடத்தில் பாயை விரித்துப் படுக்கும். மறுத்தால் மனம் நோகும். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் நாட்களைக் குறையுங்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது அந்த ஊருக்கும் பொருந்தும். நான் இரண்டு இரவு என்பேன். திரும்பும் தேதியை இப்போதே டிக்கெட்டைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். "இன்னும் ஒரு நாள்" என்ற கெஞ்சலுக்கு டிக்கெட் ஒன்றுதான் பதில். இன்னொன்றையும் கவனியுங்கள்: மேஜையில் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அடுக்களையில் அண்ணியும் சித்தி மகளும் காலை நாலு மணியிலிருந்து நின்றபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. உங்கள் மனைவி கூச்சப்படாமல் உள்ளே போய்விட்டால் பாதி சம்பிரதாயம் உடைந்து, மூன்று பேரும் உட்கார்ந்துவிடுவார்கள்.

சைவ விஷயத்துக்கும் அந்த அடுக்களைதான் வழி. "இறைச்சி சாப்பிட மாட்டோம்" என்று சொன்னால் போதாது. கோழியும் மீனும் வந்து நிற்கும். பினாக்பெட் பார்க்க நம் கத்தரிக்காய், பாகற்காய், பூசணி, வெண்டைக்காயாகத்தான் இருக்கும். உள்ளே பாகோங் என்ற இறால் விழுது கலந்திருக்கும். பாசிப்பயறு குழம்பில்கூடக் கருவாடு போடுவார்கள். எனவே இரண்டு வாரம் முன்னாலேயே அக்காவிடம், மீன் சாஸ், இறால் விழுது எதுவும் ஆகாது, சாமிக்கு நேர்ந்துகொண்டது என்று சொல்லிவிடுங்கள். தவக்காலத்தில் தாங்களே இறைச்சியை விடுகிறவர்கள், சாமி காரணத்தை மதிப்பார்கள். சுட்ட கத்தரிக்காய்ப் பச்சடி, தேங்காய்ப்பாலில் பூசணிக்காய், மாம்பழம் என்று சமாளித்துவிடலாம். ஒரு வேளை உங்கள் மனைவியே சமைப்பதாகச் சொல்லட்டும். அங்கே சினிகாங் ரசத்துக்கே புளிதான். கடைத்தெருவில் புளி கிடைக்கும். பெருங்காயமும் கடுகும் மட்டும் கொண்டுபோங்கள். புளியோதரை செய்தால் கூட்டம் கூடிவிடும்.

மற்றவை சில்லறை விஷயங்கள். சம்பளம் எவ்வளவு, ஏன் ஒரே குழந்தை, ஏன் இளைத்துவிட்டாய் என்று கேட்பார்கள். கும்பகோணத்துக்காரருக்கு இதெல்லாம் புதுசா? பாட்டியின் கையை எடுத்து உங்கள் நெற்றியில் வைத்து "மானோ போ" என்று சொல்லுங்கள். வீடே உங்கள் பக்கம் வந்துவிடும். ராத்திரி ஒரே கிளாஸைச் சுற்றவிட்டுக் குடிக்கும் 'தாகாய்' நடக்கும். குடிக்காதவராக இருந்தால் முதல் சுற்றுக்கு முன்பே மாத்திரை சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டு, தட்டில் கிடக்கும் வேர்க்கடலைப் பக்கம் உட்கார்ந்துகொள்ளுங்கள். விடியோக்கேயில் பாடச் சொன்னால் மட்டும் மறுக்க வேண்டாம், எவ்வளவு கேவலமாகப் பாடினாலும் கைதட்டுவார்கள். மே 15இல் வரும் அந்தப் பாஹியாஸ் விழா கண்ணுக்கே ஒரு விருந்து. விவசாயிகளின் புனிதர் சான் இசிட்ரோவுக்காக வீட்டு முகப்பு முழுக்க நெற்கதிரும் காய்கறியும் தொங்கும். அரிசி மாவை இலையில் வார்த்துச் சாயமேற்றிக் காயவைத்த கிப்பிங், நம் அப்பளம் போல மெல்லிசாக, கொத்துக்கொத்தாக ஆடும். ஊர்வலத் தெரு ஆண்டுதோறும் மாறும். உங்கள் அக்கா வீட்டுத் தெருவின் முறை இந்த ஆண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் அந்தக் கடனுக்கு அலங்காரமும் ஒரு காரணம்.

ஞானத்தந்தை பேச்சு உங்கள் மேல் உள்ள பிரியத்தில் வந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நினோங் ஆகிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்கள் கையிலிருந்து ஏதாவது போக வேண்டும்; படிப்பு, கல்யாணம் வரைக்கும் உங்கள் பெயர் வரும். நல்லவேளையாக இதில் நீங்கள் மறுக்கவே தேவையில்லை. கத்தோலிக்கச் சபையின் விதிப்படி ஞானப் பெற்றோர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். "கோயில் ஃபாதரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்" என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். போட்டோவுக்கு முன்வரிசையில் நில்லுங்கள், குழந்தைக்கு ஒரு வெள்ளிக் காப்பு போடுங்கள். அளவை மட்டும் கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள்.