இரண்டரை ஏக்கர் புல்லுக்கு எந்த ஜீரோ டர்ன்? முதலில் குளக்கரையை அளந்து பாருங்கள்

வாசகர் கேள்வி: நார்த் கரோலைனாவில், கேரியில் பத்து வருடம் இருந்துவிட்டு, போன குளிர்காலத்தில் சாத்தம் கவுண்டியில் மூன்றரை ஏக்கரில் ஒரு வீடு வாங்கினோம். வீடு, வண்டிப்பாதை, பின்பக்கத்து மரங்கள் போக இரண்டரை ஏக்கர் புல். நடுவில் இருபதுக்கு மேல் ஓக், பைன் மரங்கள். பின்னால் சிறிய குளம். அதன் கரையில் பக்கவாட்டில் கால் வைத்துத்தான் இறங்க முடிகிறது. வேலி போட்ட கொல்லைப்புறத்துக்கு நாலடி கேட். 60 அங்குல அகலத்துக்கு வெட்டும் கமர்ஷியல் ஜீரோ டர்ன் மோவர்தான் (உட்கார்ந்து ஓட்டும், நின்ற இடத்திலேயே திரும்பும் புல்வெட்டும் வண்டி) வேண்டும் என்கிறார் கடைக்காரர். ஸ்டியரிங் வைத்த லான் டிராக்டரே போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் பட்ஜெட் ஆறாயிரம் டாலர். கோடையில் ஊரிலிருந்து வரும் அப்பாவும் ஓட்ட ஆசைப்படுகிறார். எதை வாங்குவது?

பதில்: நீங்கள் எழுதியதில் என் கண் முதலில் நின்ற இடம் குளக்கரைதான். கடைக்காரர் அகலத்தைப் பேசுகிறார், பக்கத்து வீட்டுக்காரர் பழக்கத்தைப் பேசுகிறார். கரை எவ்வளவு சரிவு என்று இரண்டு பேருமே உங்களிடம் கேட்கவில்லை. எத்தனை குதிரைசக்தி, எத்தனை அங்குலம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். சேற்று வயலில் டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இது உடனே பிடிபடும். வரப்பு ஓரத்தில் திருப்பும்போது ஒரு பக்கத்துப் பின்சக்கரத்தின் பிரேக்கை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கம் சட்டென்று வளையும். ஜீரோ டர்ன் அதையே முழு வேலையாகச் செய்கிறது. பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஹைட்ராலிக் டிரான்ஸ்மிஷன் (ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றும் பெட்டி), தனித்தனி லீவர். ஒன்றை முன்னால் தள்ளி இன்னொன்றைப் பின்னால் இழுத்தால் நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றும். முன்சக்கரங்கள் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சக்கரங்களைப் போல, இழுத்த பக்கம் திரும்புமே தவிர வண்டியைத் திருப்பாது. பெரும்பாலான மாடல்களில் கால் பிரேக்கும் கிடையாது. வேகத்தைக் குறைப்பதும் அதே லீவர்தான். ஆக, ஓடுவது, திரும்புவது, நிற்பது மூன்றும் அந்த இரண்டு பின்சக்கரங்கள் தரையைப் பிடித்திருப்பதில் இருக்கிறது. பிடி விட்டால் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும்.

எனக்கு அது ஒருமுறை நடந்தது. ஒரு வாடிக்கையாளர் வீட்டில் மோவரைப் பழுது பார்த்துவிட்டு ஓட்டிக் காட்டினேன். காலை எட்டு மணி, புல்லில் பனி காயவில்லை. லேசான சரிவுதான். கீழே இறங்கும்போது லீவர்களைப் பின்னால் இழுத்தேன். சக்கரங்கள் பின்னோக்கிச் சுற்றுவது தெரிந்தது, வண்டியோ முன்னால் போய்க்கொண்டே இருந்தது. ஓடைக்கு ஆறடி இருக்கும்போது, காய்ந்த தரை வந்து நின்றது. திரும்பிப் பார்த்தால், புல் உரிந்து செம்மண் தெரியும் இரண்டு நீளக் கோடுகள். அன்றிலிருந்து யார் வந்து மோவர் பற்றிக் கேட்டாலும் சரிவைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறேன்.

அளப்பது சுலபம். நாலைந்து அடி நீள நேரான பலகையைச் சரிவின் போக்கிலேயே வைத்து, அதன் மேல் கைபேசியை வைத்து, அதிலுள்ள லெவல் கருவியைத் திறந்தால் டிகிரி தெரியும். நாலைந்து இடங்களில் பார்த்து, அதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் கையேட்டில் 15 டிகிரிக்கு மேல் ஓட்டாதே என்கின்றன. சில மாடல்களுக்கு 10 டிகிரிதான் எல்லை. 15 டிகிரி என்பது 10 அடி நடந்தால் சுமார் 2 அடி 8 அங்குலம் இறங்கும் சரிவு. பக்கவாட்டில் கால் வைத்து இறங்க வேண்டிய கரை பெரும்பாலும் அதைத் தாண்டியிருக்கும். எந்தச் சரிவிலும் ஈரமாக இருக்கும்போது ஓட்டவே கூடாது. தண்ணீர் விளிம்புக்கும் வண்டிக்கும் இடையில் குறைந்தது வண்டியின் இரண்டு மடங்கு அகலம் எப்போதும் இருக்கட்டும்.

அப்படியானால் கரைப் புல்லை என்ன செய்வது? என்னைக் கேட்டால், அதை வளர விட்டுவிடுங்கள். தண்ணீரை ஒட்டிய பத்துப் பதினைந்து அடியில் உயரமான புல் நின்றால் கரை மண் கரையாது. வருடத்துக்கு இரண்டு முறை, காய்ந்த நாளில், ஸ்ட்ரிங் டிரிம்மரை (நைலான் நூல் சுற்றிப் புல்லை வெட்டும் கைக்கருவி) எடுத்துக்கொண்டு நடந்தபடி வெட்டினால் போதும். அந்த ஒரு துண்டை விட்டுவிட்டால் மற்ற இரண்டரை ஏக்கருக்கு உங்களுக்குத் தேவைப்படும் வண்டியே மாறிவிடுகிறது.

லான் டிராக்டரா, ஜீரோ டர்னா என்ற கேள்விக்கு உங்கள் மரங்களே பதில் சொல்கின்றன. டிராக்டர் மோசமான வண்டி இல்லை. முன்சக்கரம் திருப்புவதால் மிதமான மேடு பள்ளத்தில் நிதானமாகப் போகும், சின்ன டிரெய்லரும் இழுக்கும். ஆனால் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு வளையம் வெட்டாமல் நிற்கும். முன்னும் பின்னுமாய் எடுக்க வேண்டும், அப்புறம் டிரிம்மரோடு ஒரு நடை. இருபது மரத்துக்கு அது வாராவாரம் செய்யும் வேலை. ஜீரோ டர்ன் ஒரே சுற்றில் முடித்துவிடும். கப் கேடட் கம்பெனியில் ஸ்டியரிங் வைத்து, முன்சக்கரங்களும் சேர்ந்து திரும்பும் ஜீரோ டர்ன்கள் உண்டு. சரிவில் அவை கூடுதல் பிடி கொடுக்கும், லீவர் பழகாதவர்களுக்கும் எளிது. ஆனால் கையேடு சொல்லும் சரிவு எல்லையை அவற்றிலும் தாண்டக் கூடாது.

அகலத்துக்கு வருவோம். டெக்கின் (பிளேடுகளை மூடி, வண்டிக்கு அடியில் இருக்கும் தகட்டுக் கூடு) அகலத்தை அங்குலத்திலும் வேகத்தை மணிக்கு மைலிலும் பெருக்கி 124-ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்தில் எத்தனை ஏக்கர் வெட்டலாம் என்று தோராயமாகக் கிடைக்கும். திருப்பங்களிலும் வரிசை ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதிலும் போகும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்த கணக்கு இது. மணிக்கு 5 மைலில் 42 அங்குலம் 1.7 ஏக்கர், 54 அங்குலம் 2.2, 60 அங்குலம் 2.4. உங்கள் இரண்டரை ஏக்கருக்கு 42-இல் ஒன்றரை மணி நேரம், 54-இல் ஒரு மணி பத்து நிமிடம், 60-இல் ஒரு மணி நேரம் சொச்சம். 54-ஐ விட்டு 60-க்குப் போனால் வாரத்தில் ஏழு நிமிடம்தான் மிச்சம். அதற்குப் பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லக் கடைக்காரருக்கு ஒரு காரணம் இருக்கலாம், கொடுக்க உங்களுக்கு இல்லை. போதாததற்கு, அகலமான டெக் மேடு பள்ளமான தரையில் மேட்டு முனைகளை மழித்துவிடும். கமர்ஷியல் வண்டி வாரத்துக்கு 30, 40 மணி நேரம் ஓட்டிப் பிழைப்பவர்களுக்காகச் செய்தது. நீங்கள் வருடம் முழுக்க ஓட்டினாலும் 40 மணி நேரம் வரும்.

கேட் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். 48 அங்குல டெக் என்பது வெட்டும் அகலம் மட்டுமே. புல்லை வெளியே தள்ளும் பக்கவாட்டுத் தகட்டை மடக்கினாலும் டெக்கின் ஓரம் ஒன்றிரண்டு அங்குலம் வெளியே நிற்கும், ஆகவே நாலடி கேட்டில் நுழையாது. 42 அங்குலம் நுழையும். இந்த ஒரு கேட்டுக்காகச் சிறிய வண்டி வாங்கி, வருடக்கணக்கில் அதிக நேரம் வெட்டுவதைவிட, கேட்டை ஆறடி இரட்டைக் கதவாக்கிவிடுங்கள். மோவர் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு.

இனி, விளம்பரத்தில் பெரிதாகப் போடாத ஒன்று: டிரான்ஸ்மிஷன். மூன்று, நாலாயிரம் டாலர் வண்டிகளில் பெரும்பாலும் ஹைட்ரோ-கியர் கம்பெனியின் இ.இசட்.டி வகைதான் இருக்கும். அது மூடி முத்திரை வைத்த பெட்டி. உரிமையாளர் வழக்கமாக ஆயில் மாற்ற வழி கிடையாது. சமதளத்தில் ஒரு ஏக்கருக்கு அது தாராளம். மேடு ஏறி இறங்கும் இரண்டரை ஏக்கரில், நார்த் கரோலைனா ஜூலை வெயிலில், ஆயில் சூடேறிச் சூடேறி நாலைந்து வருடத்தில் வண்டி மேட்டில் ஏறத் திணற ஆரம்பிக்கும். என்னிடம் வந்த பழைய ஜீரோ டர்ன்களில் இன்ஜின் செத்து வந்ததைவிட இப்படி இழுவை போய் வந்தவைதான் அதிகம். அடுத்த படியான இசட்.டி-2800, 3100, 3400 வகைகளில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றலாம். முதல் மாற்றம் 75 மணி நேரத்தில், பிறகு 400 மணி நேரத்துக்கு ஒருமுறை. கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதில் என்ன டிரான்ஸ்மிஷன், ஆயில் மாற்றலாமா?" என்பதுதான். பதில் வராவிட்டால் குனிந்து பாருங்கள்: பின்சக்கரத்துக்கு உள்பக்கம், வட்டமான ஃபில்டரின் மூடி தெரியும்.

இன்ஜினைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கவாசாகியின் எஃப்.ஆர் வரிசை, கோஹ்லரின் 7000 வரிசை போன்றவற்றில் 22 முதல் 24 குதிரைசக்தி உங்களுக்குப் போதும். முதல் ஆயிலைக் கையேடு சொல்லும் நேரத்தில் மாற்றுங்கள். எத்தனால் 10 சதவிகிதத்துக்கு மேல் கலந்த பெட்ரோல் போடாதீர்கள். பெட்ரோல் பங்கில் இ-15 (15 சதவிகிதம் எத்தனால் கலந்தது) மலிவாக இருக்கும், கை அங்கே போகக் கூடாது.

டெக், அச்சில் அழுத்திய ஒற்றைத் தகடாக இல்லாமல், துண்டுகளைப் பற்றவைத்ததாக இருக்கட்டும். தகட்டின் கனத்தைக் கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள். எண் குறைந்தால் கனம் கூடும். 12 கேஜ் சுமார் 2.7 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.4. வெளியே தெரியும் ஓக் வேரில் டெக் ஓரம் இடிக்கத்தான் போகிறது, அதனால் 11 அல்லது 10 கேஜ் பாருங்கள்.

உங்கள் பகுதியில் டால் ஃபெஸ்க்யூ புல்லாகத்தான் இருக்கும். அதை 3 முதல் 3.5 அங்குலத்தில் நிறுத்துங்கள். வெட்டிய மறுநாள் ஒரு இலையைப் பறித்து நுனியைப் பாருங்கள். நேராக, பச்சையாக இருந்தால் பிளேடு கூர்மை. நார் நாராய்க் கிழிந்து வெளுத்திருந்தால் பிளேடு புல்லை அறுக்காமல் அடித்துப் பிய்க்கிறது என்று அர்த்தம். உடனே கழற்றிச் சாணை பிடியுங்கள்.

நகரத்துக்கு வெளியே என்பதால் செப்டிக் தொட்டி இருக்கும் என்று நினைக்கிறேன். கழிவுநீர் ஊறும் அந்தத் தரையில் மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வண்டி ஏறக் கூடாது. செம்மண் ஊறியிருக்கும்போது, ஆளோடு சேர்ந்து 900 பவுண்டு ஏறினால் சக்கரத்தடம் நிரந்தரமாகப் பதியும். அங்கே மட்டுமல்ல, எங்குமே நின்ற இடத்தில் சுற்றித் திருப்பாதீர்கள். உள்பக்கச் சக்கரம் ஒரே இடத்தில் நின்று திருகினால் புல் வேரோடு வந்துவிடும். இரண்டு சக்கரமும் உருண்டுகொண்டே இருக்கும்படி, கொஞ்சம் பின்னால் வந்து திரும்புவது நல்ல பழக்கம்.

ஆறாயிரத்துக்குள் என் தேர்வு: 52 அல்லது 54 அங்குலம், பற்றவைத்த டெக், ஆயில் மாற்றக்கூடிய டிரான்ஸ்மிஷன், ஸ்பிரிங் சஸ்பென்ஷன் வைத்த சீட், கவிழ்ந்தால் காக்கும் ரோல் பார். டோரோ, ஹஸ்ட்லர், கிரேவ்லி, ஜான் டீர் என்று பல கம்பெனிகளில் தேடிப் பாருங்கள். கம்பெனிப் பெயரைவிட, பழுது பார்க்கும் பட்டறை வைத்த டீலர் உங்கள் வீட்டுக்கு அரை மணி தூரத்தில் இருப்பது முக்கியம். மே மாதத்தில் பெல்ட் அறுந்தால், புல் உங்களுக்காகக் காத்திருக்காது. டீலரிடம் காட்சி வண்டியை மேடு பள்ளத்தில் பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். காய்ந்த செம்மண் தரை முதுகை உலுக்கிவிடும், சீட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். பேட்டரி வண்டிகளும் நன்றாக வந்துவிட்டன. ஆனால் ஒரு சார்ஜில் இத்தனை ஏக்கர் என்று சொல்வது பெரும்பாலும் சமமான, காய்ந்த தரைக்கான கணக்கு. உங்கள் மேட்டில் அது குறையும், இந்த பட்ஜெட்டில் வருபவையும் பெரும்பாலும் 42 அங்குலம்தான்.

அப்பா தாராளமாக ஓட்டட்டும். முதல் இரண்டு நாள் பிளேடைச் சுற்ற விடாமல், சமதளத்தில், மெதுவாக. ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கைகள் பதற்றத்தில் லீவரை வெடுக்கென்று இழுக்கும். அந்தப் பழக்கம் போக ஒரு மணி நேரமாவது ஆகும். ரோல் பார் நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் கட்டாயம். மடக்கி வைத்திருந்தால் பெல்ட் போடக் கூடாது. கவிழ்ந்தால் குதித்து விலக முடியாமல் போகும். குளக்கரைப் பக்கம் போகாமலிருக்க, இரண்டு வண்டி அகலம் தள்ளி நான்கு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள்.

பேரப்பிள்ளைகள் இருந்தால் இதையும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். ஊரில் டிராக்டரில் மடியில் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போவது அன்பான பழக்கம். இதில் வேண்டாம், ஒரு நிமிடம்கூட வேண்டாம். சீட்டுக்குக் கீழே, நிமிடத்துக்கு 18,000 அடி வேகத்தில் பிளேடு முனை சுற்றுகிறது. சறுக்கி விழும் குழந்தை நேராக அங்கேதான் போகும். மோவர் ஓடும் நேரம் பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். இன்ஜினை நிறுத்தி சாவியை எடுத்த பிறகு வெளியே வந்து தாத்தா மடியில் ஏறிக்கொள்ளட்டும்.