ஆன்லைனில் பழைய பொருள் விற்பவர்களுக்கு: கேள்வி பதில்

பழைய பைக், செல்போன் வாங்கி விற்பது என் தொழில். வாங்குகிறேன் என்று வந்து ஏமாற்றுகிறவர்களைப் பற்றி இன்று ராத்திரி வரை கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகள் இவை.

ராஜபாளையம் அக்கா: பீரோவை 6,000 ரூபாய்க்குப் போட்டேன். அரை மணி நேரத்தில் ஒருவர் பேசினார். ராணுவத்தில் இருக்கிறாராம், கேன்டீன் கார்டு படமும் அனுப்பினார். இப்போது ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்தால் பணம் வரும் என்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள் அக்கா. மளிகைக் கடையில் நீங்கள் ஸ்கேன் செய்தால் பணம் யாருக்குப் போகிறது? கடைக்காரருக்கு. இங்கேயும் அதேதான். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். இருப்பு பார்ப்பதைத் தவிர, யுபிஐயில் பின் நம்பர் கேட்கிறது என்றாலே உங்கள் கணக்கிலிருந்து காசு போகப்போகிறது. நம்பிக்கை வரட்டும் என்று முதலில் ஐந்து ரூபாய் அனுப்பிக் காட்டுவான், மயங்கிவிடாதீர்கள். அந்த கார்டும் யாரோ ஒரு ஜவானுடையதாக இருக்கும். முன்பு 'கலெக்ட் ரிக்வெஸ்ட்', அதாவது யுபிஐயில் பணம் கேட்கும் கோரிக்கை, அனுப்பியும் ஏமாற்றுவார்கள். தனிநபர்களுக்கிடையே அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது. க்யூஆர் வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது.

இன்னொன்று. அவர் பேரம் பேசினாரா? நம் ஊரில் 6,000 ரூபாய் பீரோவை 4,500க்குக் கேட்காத மனிதர் உண்டா? கதவைத் திறந்துகூடப் பார்க்காமல் சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தஞ்சை தம்பி: 1,000 ரூபாய்க்குப் பதில் 10,000 அனுப்பிவிட்டதாகச் சொல்லி, மீதி 9,000ஐத் திருப்பிக் கேட்கிறார். வங்கி எஸ்எம்எஸ்கூட வந்திருக்கிறது.

அது வங்கி அனுப்பியதா, பத்து இலக்க செல் நம்பரிலிருந்து வந்ததா? ஸ்கிரீன்ஷாட், எஸ்எம்எஸ் எதையும் நம்பாதே தம்பி. வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பார். நிஜமாகவே கூடுதலாக வந்திருந்தாலும் நீ அனுப்பாதே. உன் வங்கியிடம் சொல், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மேலூர் ஆசிரியர்: புல்லட்டை 90,000க்குப் போட்டேன். போனில் ஒருவர் ஒத்துக்கொண்டு, "என் பார்ட்னர் வந்து பார்ப்பார். அவரிடம் விலை பேசாதீர்கள். கேட்டால் என்னை உங்கள் சித்தி மகன் என்று சொல்லுங்கள்" என்றார். நானும் சொன்னேன். வந்தவர் ஓட்டிப் பார்த்தார், யாருக்கோ 60,000 அனுப்பினார், இப்போது சாவி கேட்கிறார். எனக்கு ஒரு பைசா வரவில்லை. ஆள் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

சார், சாவியைக் கொடுக்காதீர்கள். சண்டையும் போடாதீர்கள். உங்கள் வண்டிப் படங்களை எடுத்து அந்த போன் ஆசாமி 60,000 என்று தனியாக விளம்பரம் போட்டிருப்பான். உங்களிடம் அவன் வாங்குபவன், வந்தவரிடம் விற்பவன். இருவரும் விலையைப் பேசினால் குட்டு உடைந்துவிடும். அதனால்தான் பேசாதே என்றான். பணம் போனது வந்தவர் கணக்கிலிருந்து, எனவே அவரே இப்போதே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடிக்கட்டும். காசு அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

தராசு: வந்தவர் பாவம் இல்லையா? ஆசிரியர் 'சித்தி மகன்' என்று சொன்னதை நம்பித்தானே அனுப்பினார்? பாதியாவது கொடுக்க வேண்டும்.

கோவை மில்: எதற்கு? 90,000 பெறும் வண்டி 60,000க்கு வருகிறது என்று வாயைப் பிளந்தவர் அவர்.

தராசு: மலிவாகக் கேட்பது குற்றமா? பொய் சொல்வதுதான் குற்றம்.

கோவை மில், மலிவுக்கு ஆசைப்படாதவர் என் கடைப்பக்கமே வர மாட்டார், அதை விடுங்கள். தராசு சொல்வதில் பாதி சரி. வண்டி ஆசிரியருடையது, காசு வராமல் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொய் அவரை மாட்டிவிடும். வந்தவர் புகார் கொடுத்தால் போலீஸ் முதலில் கேட்பது "உன் சித்தி மகன் எங்கே?" என்றுதான். கூட்டாளி என்றே நினைப்பார்கள். சார், அந்த ஆள் பேசிய நம்பர், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். நீங்களும் கூடவே ஸ்டேஷன் போய், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பாதிப் பணம் கொடுப்பது உங்கள் மனசு. கொடுத்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

கரூர்: பணம் முழுதும் வந்துவிட்டது. ஆனால் வண்டியை வாங்கியவர் ஆர்சியைப் பெயர் மாற்றாமல் இழுக்கிறார்.

இதுவும் ஏமாற்றுதான், நிறையப் பேர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டியது நீங்கள். அதற்குத்தான் படிவம் 29. வாங்கியவர் போடுவார் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பதிவேட்டில் பெயர் யாருடையதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைமாற்றிய தேதி, நேரம், ஓட்டுநர் உரிம நகல், கையெழுத்து எல்லாம் வாங்கினீர்களா?

சிவகாசி: சார், க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொல்கிறார்கள்...

ராஜபாளையம் அக்காவுக்குச் சொன்ன பதில்.

ஈரோடு புடவை: மொத்தமாக அனுப்பும் புடவையில் சிலர் பழையதை வைத்து ரிட்டர்ன் போடுகிறார்கள்.

அது என் துறை இல்லை அம்மா. பேக் பண்ணும்போதும் ரிட்டர்னைப் பிரிக்கும்போதும் வெட்டாமல் ஒரே வீடியோ எடுத்துவைத்து, தளத்தின் விற்பனையாளர் பிரிவில் புகார் போடுங்கள்.

பெயரில்லாதவர்: பணம் வாங்க பின் நம்பர் போடலாமா?

வேண்டாம். வேண்டவே வேண்டாம். மேலே படியுங்கள் ஐயா.

மேலூர் ஆசிரியர்: 1930க்குச் சொல்லியாகிவிட்டது. இருவரும் ஸ்டேஷனில் இருக்கிறோம். நாளை வரச் சொல்கிறார்கள்.

மனுவை இன்றே கொடுத்து, அதைப் பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள் சார். மனுவில் 'சித்தி மகன்' விஷயத்தையும் மறைக்காமல் எழுதுங்கள்.