ஈட்டியை நம்பியதால்தான் ஜூலு ராஜ்யம் அழிந்ததா?

ஏதோ போர்ப் படம் பார்த்த கையோடு கேட்டிருக்கிறீர்கள் போல. தப்பில்லை, முக்கால்வாசிப் பேருக்குத் தென்னாப்பிரிக்காவின் ஜூலுக்கள் அறிமுகமாவதே அப்படித்தான். ஆனால் "துப்பாக்கியிடம் ஈட்டி தோற்றது" என்று ஒரே வரியில் முடித்தால், 1879 ஜனவரி 22-ஐ எங்கே கொண்டுபோய் வைப்பது?

அன்று இசாண்டல்வானா மலையடிவாரத்தில் சுமார் 20,000 ஜூலுக்கள் பிரிட்டிஷ் முகாமைத் துடைத்துப் போட்டார்கள். பக்கத்து பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் கறுப்பினப் படையினரையும் சேர்த்து 1,300 பேருக்கு மேல் பலி. மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள் கையில் இருந்தும்தான். சிப்பாய்களை முகாமை விட்டு வெகுதூரம் முன்னே தள்ளி, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நிறுத்தியிருந்தார்கள். தோட்டா போய்ச் சேரத் தாமதம். கரிமருந்துப் புகை கண்ணை மறைக்கும். சூடேறிய குழலில் மெல்லிய பித்தளைத் தகட்டு உறை சிக்கிக்கொள்ளும். எதிரே மாட்டுக்கொம்பு வியூகம்: 'மார்பு' நேரே மோத, இரண்டு 'கொம்புகள்' பக்கவாட்டில் ஓடி வளைக்க, 'இடுப்பு' பின்னால் காத்திருக்கும். வலக்கொம்பு மலையின் மறுபுறமாகவே சுற்றி வந்துவிட்டது.

(தோட்டாப் பெட்டியைத் திறக்க முடியாமல் செத்தார்கள் என்று யாராவது பின்னூட்டம் போடுவதற்கு முன்: அதன் நகரும் மூடியைப் பிடித்திருந்தது ஒரே ஒரு திருகாணி. ஓங்கி இடித்தால் பெயர்ந்துவிடும்.)

துப்பாக்கி பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஜூலுக்களிடமும் ஆயிரக்கணக்கில் இருந்தது, பெரும்பாலும் மஸ்கட் எனும் பழைய ரகத் துப்பாக்கி. அவர்களுடைய உண்மையான இடைஞ்சல் வேறு. அது சம்பளப் பட்டாளம் இல்லை. மாடு மேய்ப்பவர்கள், பயிர் செய்பவர்கள். கொலை செய்தவன் தீட்டுக் கழிக்க வேண்டும், காயம் ஆற வேண்டும், அறுவடை பார்க்க வேண்டும். ஜெயித்த படை வீட்டுக்குப் போய்விட்டது. அந்த இடைவெளியில் பிரிட்டனிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் வந்து இறங்கினார்கள். மார்ச் 29, கம்புலாவில் பிரிட்டிஷார் வண்டிகளை வளைத்துக் கட்டிய அரணுக்குள்ளிருந்து சுட்டார்கள். ஜூலுக்களின் வலக்கொம்பு சீண்டலுக்கு ஆளாகி, மற்றவை வந்து சேருமுன் தனியாகப் பாய்ந்து அடிவாங்கியது. ஜூலை 4, ஜூலு தலைநகரான உலுண்டியில் பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 5,000 பேர் சதுரமாக நின்றார்கள், கூடவே பீரங்கிகள், கைப்பிடி சுற்றிச் சரமாரியாகச் சுடும் 2 கேட்லிங் துப்பாக்கிகள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தலைநகர் எரிந்தது.

எல்லாரும் இங்கே முற்றுப்புள்ளி வைப்பார்கள். என் கணக்கில் ராஜ்யம் விழ ஆரம்பித்ததே இதற்குப் பிறகுதான்.

போருக்கு முன், 1878 டிசம்பர் 11-ல், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் பார்ட்டில் ஃப்ரியர் (ஆமாம், பம்பாய் கவர்னராக இருந்த அதே ஆள்) ஜூலு ராஜா செட்ஷ்வாயோவுக்கு விடுத்த இறுதி எச்சரிக்கையைப் பாருங்கள். படைமுறையைக் கலை, ஆண்கள் விரும்பியபோது கல்யாணம் செய்துகொள்ளட்டும் என்கிறது. போர் மிரட்டலில் கல்யாணம் எதற்கு? வயதுவாரியான 'அமாபுத்தோ' படைப்பிரிவுகளில் இளைஞர்கள் ராஜாவுக்கு உழைத்தார்கள். எந்தப் பிரிவு எப்போது மணம் முடிக்கலாம் என்பதும் ராஜா வாக்கு. ராஜ்யத்தின் முதுகெலும்பே அந்த உழைப்புதான்.

செட்ஷ்வாயோ பிடிபட்டு கேப் டவுனுக்குப் போனதும், பிரிட்டிஷ் தளபதி வூல்ஸ்லி நாட்டை நேரடியாக எடுத்துக்கொள்ளவில்லை. 13 துண்டாக்கி, போரில் பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்த வெள்ளைக்கார வியாபாரி ஜான் டன்னும் ராஜாவின் சகோதரன் ஹாமுவும், எதிர்த்துப் போரிட்ட ஜூலு தலைவன் சிபெபுவும் என்று பங்கு வைத்தார். மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். 1883 ஜனவரியில் ராஜாவை ஒரு பகுதிக்கு மட்டும் திரும்ப உட்கார வைத்தார்கள். ஜூலை 21 அன்று சிபெபு வந்து தாக்கியதில் மூத்த தலைவர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் போனார்கள். உலுண்டிப் போரில்கூட இப்படித் தலைவர்கள் சாகவில்லை. 1884 பிப்ரவரியில் ராஜாவும் எஷோவேயில் இறந்தார். மகன் டினுசூலு போயர்களை (டச்சு வழி வெள்ளைக் குடியேறிகளை) கூட்டிவந்து சிபெபுவை அடித்தார். கூலியாகப் போயர்கள் கேட்டது நிலம், பெரும் நிலம். 1887-ல் மிச்சத்தைப் பிரிட்டன் இணைத்துக்கொண்டு குடிசை வரி போட்டது. வரிப் பணத்துக்காக, ராஜாவுக்கு உழைத்த பையன்கள் வெள்ளைக்காரனிடம் கூலிக்குப் போனார்கள்.

ராஜாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கிளம்பாதீர்கள். 1856-ல் தம்பி ம்புயாசியோடு மோதி ஆயிரக்கணக்கானவர்களைப் பலிகொடுத்து வாரிசானவர்தான் அவரும்.

கடைசியாக, கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு எரிச்சல். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'செட்டிவாயோ', 'கெட்ச்வாயோ' என்று நம்மவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். நானும் வேறு வழியில்லாமல் 'செ' போட்டிருக்கிறேன். அந்த முதல் எழுத்து 'ச'வும் இல்லை, 'க'வும் இல்லை. அடப்பாவமே என்று நாம் உச்சுக் கொட்டுகிறோமே, அந்தச் சத்தம்.