எடுத்த இடத்தை நிரப்பினால் என்ன? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜார்கண்டின் நிலக்கரிச் சுரங்க ஊரான ஜாரியாவில் நிலம் உள்வாங்குவது பற்றிய கட்டுரையை வாசித்தேன். நிலக்கரியை எடுத்துவிட்டு வெற்றிடத்தை அப்படியே விடுகிறோம். பிறகு மேலே நிலம் உள்வாங்குகிறது என்று புலம்புகிறோம். எடுத்த கையோடு நிரப்பிவிட்டால் என்ன? நம்மிடம் தொழில்நுட்பம் இல்லையா? அனல்மின் நிலையச் சாம்பல்தான் மலைமலையாகக் கிடக்கிறதே!

மு.

அன்புள்ள மு.,

தொழில்நுட்பம் இல்லாமலில்லை. 1939-லேயே இதற்கென்று சட்டம் வந்துவிட்டது. ஜாரியாவிலும் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சிலும் தாமோதர் ஆற்று மணலைத் தண்ணீரில் கலந்து குழாய் வழியே கீழே இறக்கினார்கள். ‘ஸ்டோயிங்’ என்பார்கள். கரி எடுத்த இடத்தின் வாயில் மூங்கில் தட்டி கட்டி, சாக்குத்துணி அடிப்பார்கள். மணல் உள்ளே தங்கிவிடும். கலங்கல் நீர் தட்டி வழியே கசிந்து ஓடும். அதைத் திரும்பவும் பம்ப் போட்டு மேலே ஏற்ற வேண்டும்.

கூரையைத் தாங்கக் கரியிலேயே தூண் விட்டு வெட்டும் பழைய முறைக்கு அந்த நிதானம் ஒத்துப்போனது. லாங்வால் என்ற இயந்திர முறை வேறு. நீண்ட கரி முகப்பை இயந்திரம் சீவிக்கொண்டே போகும், கூரையைத் தாங்கும் ஹைட்ராலிக் தாங்கிகள் கூடவே நகரும், பின்னால் கூரை இடிந்து விழும். விழத்தான் வேண்டும்; இடியாமல் தொங்கினால்தான் ஆபத்து.

அந்த வேகத்துக்கு நிரப்ப முடியுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மீட்டர் முகப்பு, 3 மீட்டர் தடிமனுள்ள கரிப் படலம், நாளுக்கு 5 மீட்டர் முன்னேற்றம் என்றால் 3,000 கன மீட்டர் வெற்றிடம். வெளியே வரும் கரி சுமார் 4,000 டன். உள்ளே போகவேண்டிய மணல் அதைவிடக் கனம், அதுவும் அன்றன்றே. நிரப்புகிறவர் பிந்தினால் வெட்டுகிறவர் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

அவ்வளவு மணலுக்கு எங்கே போவது? போலந்தின் சிலேசியாவில் நகரங்களுக்கு அடியில் வெட்டியவர்கள் ஷ்சாகோவாவில் தனி மணல் குவாரியே நடத்தினார்கள், சுரங்கங்களுக்குத் தனி ரயில் பாதையோடு. ஒரு குழியை மூட இன்னொரு குழி! எனக்கு உறுத்துவது இதுதான்.

சீனாவில் கரியோடு வரும் கழிவுக் கல்லையே திருப்பி அனுப்பிப் பார்க்கிறார்கள். தாங்கியின் பின்பக்கம் ஒரு கூரையை நீட்டி, அதனடியில் கன்வேயரைத் தொங்கவிடுகிறார்கள். கொட்டும் கல்லை ஓர் இயந்திரக் கை இடித்து இறுக்குகிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் எடுத்த கரியின் இடம் முழுவதையும் அடைக்க அந்தக் கல் பெரும்பாலும் போதாது.

சாம்பலுக்கு வருகிறேன். மிக நுண்ணிய தூள் என்பதால் மணலைப்போல் நீரைச் சட்டென்று விடாது. தட்டிக்குப் பின்னால் சேறாகவே நிற்கும். தட்டி உடைந்தால் கீழே வேலை செய்பவர் கதி என்ன? சிமெண்ட் கலந்து பசையாக்கினால் இறுகும், செலவும் ஏறும். என்னைக் கேட்டால், குடியிருப்புக்கு நேர் கீழே இருக்கும் கரிக்கு அந்தச் செலவைக் கட்டாயமாக்கலாம். கட்டுப்படியாகாது என்று நிறுவனம் சொன்னால், அந்தக் கரியைத் தொடாமல் விடட்டும்.